முசுட்டு ஹாக்கி வீரனை ஏன் இவ்வளவு பிடிக்கிறது? விளையாட்டுக் காதல் நாவல்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளையாட்டு வீரனை நாயகனாக வைத்து வரும் ஆங்கிலக் காதல் நாவல்களைப் படிப்பவர்களும், அதே பாணியில் எழுதிப் பார்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே போட்டிருக்கிறோம். உதாரணங்கள் பெரும்பாலும் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியிலிருந்து வருகின்றன. ஏன் என்பது 3-ஆம் கேள்வியில் இருக்கிறது.

1. முசுட்டு ஹீரோன்னா யாரு? கோபக்காரன்னு சொன்னா போதாதா?

போதாது. கோபக்காரனுக்குக் கோபம் வரும், அடித்துப் பெய்துவிட்டு ஓயும். முசுடு எந்நேரமும் ஒரே சீராகக் கடுகடுவென்று இருப்பவன். பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு. கூட்டம் ஆகாது, கொண்டாட்டம் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முகத்துக்காக ஒரு வார்த்தை பேச மாட்டான். காபி நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்பான். அதனால்தான் 200 பக்கம் கழித்து 'நல்லா இருக்கு' என்று அவன் சொல்லும்போது அந்த இரண்டு சொல்லுக்கு ஒரு கனம் வருகிறது.

பெரும்பாலும் இவனுக்கு எதிரே கலகலப்பான ஒருத்தி இருப்பாள். ஆங்கில வாசகர்கள் இந்த ஜோடியை 'க்ரம்பி–சன்ஷைன்' என்கிறார்கள். உம்மணாமூஞ்சியும் வாயாடியும் என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

2. இந்த மாதிரி ஆளோட நிஜத்துல பத்து நிமிஷம் உட்கார முடியாது. புத்தகத்துல மட்டும் எப்படிப் பிடிக்குது?

புத்தகத்தில் அவன் மண்டைக்குள் நமக்கு இடம் கிடைக்கிறது. இன்றைய விளையாட்டுக் காதல் நாவல்களில் பெரும்பாலானவை ஒரு அத்தியாயம் அவள் சொல்வதாகவும் அடுத்தது அவன் சொல்வதாகவும் போகும். இருவருமே 'நான்' என்று பேசுவார்கள். வெளியே 'ம்' என்று முடித்துக்கொண்டவன் உள்ளே ஒரு பக்கம் முழுக்கத் தவித்துக்கொண்டிருப்பதை நாம் படிக்கிறோம். அவளுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். பாதி சுவை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

மீதிப் பாதி, விதிவிலக்கில். வாரி வழங்குகிறவன் கொடுக்கும் நூறு ரூபாய் யார் நினைவிலும் நிற்காது. கருமி ஒரு ரூபாயை எடுத்து நீட்டினால் ஊரே பேசும். எல்லோரிடமும் வாயைப் பூட்டி வைத்திருப்பவன் ஒருத்தியிடம் மட்டும் திறக்கிறான். வாசகரை இழுப்பது முசுட்டுத்தனம் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். முசுட்டுத்தனம் வெறும் திரை. அதன்மேல் விழும் அந்த ஒரு விதிவிலக்குதான் படம்.

உளவியலிலும் இதற்கு ஒரு பழைய ஆய்வு உண்டு. எலியட் ஆரன்சன், டார்வின் லிண்டர் இருவரும் 1965-இல் வெளியிட்டது. ஒருவர் தங்களைப் பற்றிப் பேசுவதைப் பல முறை காதில் வாங்கும்படி மாணவிகளுக்கு ஏற்பாடு செய்தார்கள். முதலிலிருந்தே புகழ்ந்தவரைவிட, குறை சொல்லத் தொடங்கி மெல்ல மெல்லப் பாராட்டுக்கு வந்தவரையே அவர்களுக்கு அதிகம் பிடித்தது. 'மெல்ல மெல்ல' என்பதை நினைவில் வையுங்கள், 9-ஆம் கேள்விக்கு வேண்டும்.

3. அதென்ன எங்க பார்த்தாலும் ஐஸ் ஹாக்கி? வேற விளையாட்டே இல்லையா?

இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்து, பேஸ்பால், ஃபார்முலா ஒன் எல்லாவற்றிலும் முசுடுகள் உண்டு. ஆனால் ஹாக்கியில் முசுட்டுத்தனம் சொந்த ஊரில் இருப்பது போல இருக்கிறது. அந்த விளையாட்டின் பண்பாட்டில் தன்னைப் பற்றிப் பேசுவதே குறைவாகப் பார்க்கப்படும். மூன்று கோல் போட்டவன்கூடப் பேட்டியில் 'பசங்க நல்லா ஆடினாங்க' என்று முடித்துக்கொள்வான். வாயைத் திறக்காத நாயகன் அங்கே விசித்திரப் பிறவியாகத் தெரிய மாட்டான்.

இன்னொன்று, அவனுடைய வளர்ப்பு. கனடாவில் திறமையான பையன்கள் 16 வயதிலேயே ஜூனியர் லீக் அணிக்காக வீட்டை விட்டுப் போகிறார்கள். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி, அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டு, அங்கிருந்து பள்ளிக்கும் பயிற்சிக்கும் போய்வருவார்கள். அதற்கு 'பில்லெட்' குடும்பம் என்று பெயர். அடுத்த வருடம் அணி மாறினால் வீடும் மாறும். யாரிடமும் ஒட்டாமல் இருக்கப் பழகிய ஒரு பிள்ளையை அங்கே பார்க்க முடியும். நல்ல எழுத்தாளர்கள் அந்த 16 வயதை விடுவதில்லை.

வியாபாரக் காரணமும் உண்டு. என்.எச்.எல். என்பது வட அமெரிக்காவின் முதன்மையான தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக். அதன் ஒரு அணிப் பட்டியலில் 23 பேர். ஒருவன் கதை முடிந்தால் பக்கத்து லாக்கர்காரன் கதை தொடங்கலாம். தொடர் நாவலுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

4. ஹாக்கி பத்தி சுத்தமா தெரியாது. எவ்வளவு தெரிஞ்சா படிக்க முடியும்?

கொஞ்சம் போதும். 20 நிமிடமாக மூன்று பகுதிகள், நடுவில் ஏறக்குறைய 18 நிமிட இடைவேளை. ஒரு நேரத்தில் பனித்தளத்தில் ஒரு அணிக்கு ஆறு பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர். வீரர்கள் ஒரு தடவை இறங்கினால் ஏறக்குறைய 45 வினாடிதான் முழு வேகத்தில் ஆட முடியும். பிறகு பெஞ்சுக்கு வந்து மூச்சு வாங்குவார்கள். சின்னத் தப்புக்கு 2 நிமிடமும் கைகலப்புக்கு 5 நிமிடமும் வெளியே உட்கார வேண்டும்.

பருவம் அக்டோபர் வாக்கில் தொடங்கி ஏப்ரல் வரை. பல ஆண்டுகளாக அணிக்கு 82 ஆட்டம், 2026–27 பருவத்திலிருந்து 84. பாதி ஆட்டம் வெளியூரில். அதன்பின் 'பிளேஆஃப்' எனப்படும் கோப்பைச் சுற்றுகள் நான்கு. ஒவ்வொன்றிலும் ஏழு ஆட்டத்தில் நான்கை வென்றாக வேண்டும், ஆக மொத்தம் 16 வெற்றி. ஜூன் வரை இழுக்கும். கதையில் 'பிளேஆஃப்' என்று வந்தால் அவன் தூக்கம் கெட்டு, உடம்பெல்லாம் அடிபட்டு, தாடி வளர்த்துத் திரியும் காலம் என்று புரிந்துகொண்டால் சரி.

5. எந்த இடத்துல ஆடறவன் முசுடா இருந்தா பொருந்தும்?

கோல்கீப்பர். யோசிக்கவே வேண்டாம். மற்றவர்கள் கூட்டமாக ஓடும்போது இவன் ஆறடிக்கு நாலடி வலைக்கு முன்னால் தனியாக நிற்கிறான். 170 கிராம் வரை எடையுள்ள கெட்டி ரப்பர் வட்டு, சில நேரம் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில், ஆட்டத்துக்கு 25, 30 முறை அவனைத் தேடி வருகிறது. 29-ஐத் தடுத்தாலும் தவறவிட்ட ஒன்றுதான் பெரிய திரையில் மறுபடி மறுபடி ஓடும்.

நிஜ வரலாறே கதாசிரியர்களுக்குத் தீனி போடுகிறது. கிளென் ஹால் 1955 முதல் 1962 வரை 502 ஆட்டங்களை இடைவிடாமல் முழுதாக ஆடியவர். ஆட்டத்துக்கு முன் வாந்தி எடுப்பது அவருடைய வழக்கம். பாட்ரிக் ருவா கோல் கம்பங்களோடு பேசுவார். 1959 நவம்பர் 1-ஆம் தேதி வட்டு முகத்தைக் கிழித்த பிறகு முகமூடி போட்டுக்கொண்டு திரும்பி வந்து ஆடிய ஜாக் பிளான்ட், யாரோடும் ஒட்டாதவர் என்று பெயர் எடுத்தவர். அவருக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது: கம்பளி நூலில் பின்னல் போடுவது. தன் தொப்பிகளைத் தானே பின்னிக்கொண்டார். தையல் போட்ட முகமும் கையில் பின்னல் ஊசியும் உள்ள ஒரு மனிதரை நினைத்துப் பாருங்கள். முசுட்டு நாயகன் ஏன் பிடிக்கிறான் என்பதற்கு அந்த ஒரு படம் போதும்.

கோல்கீப்பருக்கு அடுத்து தற்காப்பு வீரன், அதற்கடுத்து வயதான கேப்டன். எழுதுகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: என்.எச்.எல். விதிப்படி கோல்கீப்பர் ஆட்டத்தில் கேப்டனாகச் செயல்பட முடியாது. 'முசுட்டு கோல்கீப்பர் கேப்டன்' என்று எழுதினால் ஹாக்கி தெரிந்தவர் முதல் அத்தியாயத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

6. நிஜத்துல இப்படி விளையாட்டு வீரர்கள் இருக்காங்களா, இல்ல எல்லாம் கற்பனையா?

இருக்கிறார்கள். அமெரிக்கக் கால்பந்தில் மார்ஷான் லிஞ்ச், 2015 சூப்பர் பவுல் இறுதிப்போட்டிக்கு முந்தைய செய்தியாளர் சந்திப்பில் எந்தக் கேள்விக்கும் ஒரே பதில்தான் சொன்னார்: அபராதம் விழக் கூடாது என்பதற்காக மட்டுமே வந்திருக்கிறேன். அதற்கு முந்தைய ஆண்டு செய்தியாளர்களிடம் பேசாததற்காக அவருக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் விழுந்திருந்தது. அதே ஆள்தான் தன் ஊரான ஓக்லாந்தில் பிள்ளைகளுக்காக அறக்கட்டளை நடத்துபவர்.

இன்னும் அழகான உதாரணம் ஃபார்முலா ஒன் கார் பந்தய வீரர் கிமி ரைக்கோனன். 2012 அபுதாபி பந்தயத்தில், முன்னிலையில் ஓடிக்கொண்டிருந்தவர், ரேடியோவில் தகவல் சொன்ன தன் பொறியாளரிடம் 'என்னை விடுங்கள், என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியும்' என்று வெட்டினார். பந்தயத்தையும் வென்றார். 2017-இல் பார்சிலோனாவில் அவர் முதல் சுற்றிலேயே வெளியேறியபோது பார்வையாளர் பகுதியில் ஒரு சிறுவன் தேம்பி அழுதது உலகமெங்கும் திரையில் ஓடியது. அணியினர் அந்தப் பையனை உள்ளே அழைத்து வந்தார்கள். ரைக்கோனன் அவனுக்குத் தன் தொப்பியைக் கொடுத்தார், சிரித்தார். அந்தப் படத்தைப் பார்த்து உருகியவர்களுக்கு இந்த வகை நாவலை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

7. இது புதுசா ஒண்ணும் இல்லையே? பழைய நாவல்லயும் இப்படித்தானே?

உண்மை. ஜேன் ஆஸ்டினின் டார்சி 1813-இல் நடன அரங்கில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றவர். 1847-இல் சார்லட் பிரான்டி படைத்த ராச்செஸ்டர் இன்னொருவர். 1908-இல் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் நிறுவனத்தின் நாவல்களில் இந்தச் சாயல் கொண்ட டாக்டர்களும் முதலாளிகளும் கணக்கில்லாமல் வந்தார்கள்.

மாறியது சொல்லும் முறை. பழைய நாவல்களில் அவள் பார்வை மட்டுமே இருக்கும். அவன் ஏன் எரிந்து விழுந்தான் என்பது கடைசி அத்தியாயத்தில்தான் அவிழும். ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே அந்தக் காலக் காதல் நாவல் வாசகிகளிடம் பேசி 1984-இல் வெளியிட்ட ஆய்வில் கவனித்த ஒன்று இன்றைக்கும் பொருந்தும்: அவர்கள் விரும்பிய நாயகன் எவ்வளவு கடுமையானவனாக இருந்தாலும், அறிமுகத்திலேயே அவனிடம் ஒரு சின்ன மென்மை தெரிந்துவிடும். இன்று இருவர் பார்வையும் வருவதால் அந்த மென்மையைக் காட்ட வழி கூடியிருக்கிறது, மறைக்கிற சாக்கு குறைந்திருக்கிறது.

8. அவன் ஏன் அப்படி ஆனான்னு காரணம் சொல்லியே ஆகணுமா?

பிறவிக் குணம் என்றும் விட்டுவிடலாம். சொல்வதாக இருந்தால் விளையாட்டுக்குள்ளிருந்து வரும் காரணமாகப் பாருங்கள். ஒப்பந்தத்தின் கடைசி வருடம், முழங்காலில் ஏ.சி.எல். என்ற மூட்டு நார் கிழிந்து ஒன்பது மாதம் கழித்துத் திரும்பியிருக்கிறான். அப்பாவே சின்ன வயதுப் பயிற்சியாளர். 34 வயது, பின்னால் 20 வயதுப் பையன் அவன் இடத்துக்குக் காத்திருக்கிறான். இவையெல்லாம் தினமும் குத்தும். தினமும் குத்துவதுதான் முகத்தைக் கடுக்க வைக்கும்.

எடுபடாமல் போவது, பத்து வருடத்துக்கு முந்தைய ஒரே ஒரு துரோகம். 'பழைய காதலி ஏமாற்றினாள், அதிலிருந்து பெண்களை நம்புவதில்லை' என்பது காரணமாகவே நிற்காது. அதோடு, துயரக் கதையை 60 பக்கத்துக்குள் முழுதாகக் கொட்டிவிட்டால் மீதி 300 பக்கத்துக்கு அவன் பரிதாபத்துக்குரியவனாக மட்டுமே இருப்பான்.

9. எப்போ உருக ஆரம்பிக்கணும்? பாதிப் புத்தகம் வரைக்கும் முறைச்சுட்டே இருக்கான், போர் அடிக்குது.

பாதி வரை முறைத்தால் போர் அடிக்கத்தான் செய்யும். 2-ஆம் பதிலில் சொன்ன 'மெல்ல மெல்ல' என்பது சீரான படிக்கட்டு. வழக்கமான நாவல் 80,000 முதல் 1,00,000 சொல் வரும். முதல் பத்தில் ஒரு பங்குக்குள் வாசகர் மட்டும் பார்க்கும்படி ஒரு விரிசல். கால் பங்கில் அவளும் பார்க்கிற ஒன்று, ஆனால் அவள் அதைத் தப்பாகப் புரிந்துகொள்ளலாம். பாதியில் அவனே மறுக்க முடியாத ஒன்று. இந்த மூன்றும் இல்லாமல் திடீரென்று முத்தம் வந்தால் யாருக்கும் நம்பிக்கை வராது.

ஒரு விரிசலைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வெளியூர் ஆட்டம் முடிந்து நடு இரவில் அணி விமானம் திரும்புகிறது. அணியின் வீடியோக்களை எடுக்கும் பெண், மடியில் கேமராவோடு, தலைக்கு மேல் விளக்கு எரிய, வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டாள். இரண்டு வரிசை பின்னாலிருந்து கோல்கீப்பர் எழுந்து வருகிறான். விளக்கை அணைக்கிறான். கேமரா நழுவாதபடி அதன் வாரை அவள் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றுகிறான். போய்விடுகிறான். மறுநாள் காலை அவளைப் பார்த்ததும், 'லைட்டைப் போட்டுட்டுத் தூங்காதீங்க. எனக்குத் தூக்கம் வரல' என்கிறான். அவள் மன்னிப்புக் கேட்கிறாள். அவன் தன் பேச்சில் மறைத்த அந்த வார், வாசகர் கையில் இருக்கிறது.

இதில் பணம் செலவாகவில்லை, வீரதீரம் இல்லை, யாரும் பார்க்கவும் இல்லை. நல்ல விரிசல் அந்த அளவில்தான் இருக்கும். மாடி முழுக்க ரோஜாப்பூ அடுக்குவது முசுடின் வேலை கிடையாது.

10. முசுடுக்கும் கொடுமைக்காரனுக்கும் கோடு எங்க இருக்கு?

அவன் எரிச்சல் எந்தப் பக்கம் பாய்கிறது என்று பாருங்கள். பேட்டி எடுப்பவர், அணி மேலாளர், சக வீரன், தன் முழங்கால் ஆகியவற்றின் மேல் பாய்ந்தால் முசுடு. உணவு பரிமாறுகிறவர், உடைகளையும் மட்டைகளையும் பார்த்துக்கொள்ளும் ஊழியர், சின்னப் பையன், நாய் என்று எதிர்த்துப் பேச முடியாதவர்கள் மேல் பாய்ந்தால் அவன் வேறு ரகம். அந்த உடை ஊழியரின் பெயரும், அவருடைய மகள் எந்த வகுப்பு என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தால், எத்தனை பக்கம் முறைத்தாலும் வாசகர் அவன் பக்கம் நிற்பார்.

அவளிடமும் ஒரு எல்லை உண்டு. அவன் அவளோடு பேசாமல் இருக்கலாம், வெட்டிப் பேசலாம். அவளுடைய உடம்பையோ திறமையையோ குடும்பத்தையோ தாழ்த்திப் பேசினால் அதைப் பிறகு எந்தப் பரிசும் ஈடுகட்டாது. அவள் 'வேண்டாம்' என்றதை அவன் ஒரே தடவையில் கேட்டுக்கொள்கிறானா என்பதும் உறுதியான சோதனை. இந்த வகையின் சிறந்த நாயகர்கள் வார்த்தையில் முரடர்கள், கையில் மிகுந்த கவனம் உள்ளவர்கள்.

11. நம்ம தொடர்கதைகள்ல வர்ற ஆன்டி ஹீரோவும் இவனும் ஒண்ணுதானே?

ஒன்றில்லை. இணையத் தமிழ்த் தொடர்கதைகளில் 'ஆன்டி ஹீரோ' என்ற பெயரில் வருபவன் பல நேரம் கட்டாயத் தாலி கட்டுகிறவன், பழிவாங்க மணப்பவன், கை நீட்டுகிறவன். 10-ஆம் பதிலின் சோதனையில் அவன் முதல் வரியிலேயே விழுந்துவிடுவான். முசுடுக்கு அவளை அடக்கி வைக்கும் ஆசையே கிடையாது. தன்னைத் தனியாக விட்டால் போதும் என்பதுதான் அவன் முதல் ஆசை.

ஆங்கிலத்திலும் கொடுமைக்கார நாயகர்கள் உண்டு, அவர்கள் 'டார்க் ரொமான்ஸ்' அலமாரியில் இருக்கிறார்கள். அதைப் படிப்பது அவரவர் விருப்பம். இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதுதான் ஏமாற்றத்தில் முடிகிறது.

12. ஹீரோயின் எப்பப் பார்த்தாலும் சிரிச்சுட்டே இருக்கா. எரிச்சலா வருது.

அவளுக்கு முதுகெலும்பு வைக்க எழுத்தாளர் மறந்திருப்பார். அவள் கலகலப்பு அறியாமையிலிருந்து வந்தால் எரிச்சல்; தெரிந்தே தேர்ந்தெடுத்ததாக இருந்தால் அவள்தான் கதையில் பலசாலி. அவளுக்கும் கோபம் வரும் ஒரு இடம் வேண்டும். அவள் சிரிப்பு நின்ற அந்த நிமிடத்தில் உடை மாற்றும் அறையே அமைதியாகி அவன் முகத்தில் முதல் முறையாகப் பயம் தெரிகிறது என்றால், ஜோடி பொருந்திவிட்டது.

அவள் வேலையிலும் கவனம் தேவை. பிசியோதெரபிஸ்ட் என்று வைப்பது இந்த வகையில் சகஜம். ஆனால் தன்னிடம் சிகிச்சையில் இருப்பவரோடு காதல் உறவு வைப்பது அந்தத் தொழிலின் நெறிமுறைக்கு எதிரானது, உரிமமே போகலாம். நல்ல நாவலில் அவள் அவனை வேறொரு சிகிச்சையாளரிடம் மாற்றிவிட்ட பிறகுதான் எதுவும் நடக்கும். அந்த மாற்றும் காட்சியே ஒரு காதல் காட்சியாகிவிடும். படிப்பவரை ஏமாற்றாமல் பதற்றத்தையும் கூட்டும் வழி அது.

13. முசுடு பேசற வசனம் எப்படி எழுதறது? 'ம்', 'சரி' மட்டும் போட்டா போதுமா?

நான்கு 'ம்' வரை தாங்கும். பிறகு அவன் பேச வேண்டும், குறைவாக, குறிப்பாக. அவன் வசனங்களை மட்டும் தனியே எடுத்து எண்ணிப் பாருங்கள். தொடக்க அத்தியாயங்களில் ஒரு தடவைக்கு ஆறு, ஏழு சொல்லுக்கு மேல் போகக் கூடாது. முதல் முறையாக அவன் நாற்பது சொல் தொடர்ந்து பேசும் இடம் நாவலின் முக்கியமான இடமாக இருக்கட்டும். அதுவும் காதலைப் பற்றி வேண்டாம். ஸ்கேட்டின் எஃகு விளிம்பை எப்படித் தீட்டுவது என்று விளக்கினாலும் போதும். யாரிடமும் பேசாதவன் அவளிடம் தனக்குப் பிடித்ததைப் பற்றிப் பேசுகிறான் என்பதே செய்தி.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் இல்லாத ஒரு கருவி இருக்கிறது: 'நீங்க', 'நீ'. 9-ஆம் பதிலின் விமானக் காட்சியில் அவன் 'தூங்காதீங்க' என்றான். அந்த மரியாதை ஒரு மதில். ஒரு நாள் பதற்றத்தில் 'எங்க போன நீ?' என்று வாய் தவறினால், அவள் அதைக் கவனித்தால், இருவரும் கவனிக்காதது போல நடித்தால், ஒரு முத்தக் காட்சி செய்யும் வேலையை ஒரு விகுதி செய்துவிடும். முதல் பக்கத்திலிருந்தே 'நீ' போட்டு இதை வீணாக்காதீர்கள்.

14. முக்கால்வாசில வர்ற பிரிவு ஏன் எப்பவும் செயற்கையா இருக்கு?

பேசியிருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும் விஷயத்துக்காகப் பிரிப்பதால். முசுடு பேச மாட்டான் என்ற குணத்தைச் சாக்காக வைத்து எழுத்தாளர் தப்பிக்கிறார். அதற்குள் அவன் 300 பக்கம் பேசப் பழகியிருக்கிறான் அல்லவா?

விளையாட்டே உண்மையான காரணம் தருகிறது. வீரனை அவன் அனுமதி கேட்காமலேயே அணி இன்னொரு அணிக்குக் கொடுத்துவிடலாம். பருவத்தின் நடுவில், வழக்கமாக மார்ச் தொடக்கத்தில், அதற்கான கெடு வருகிறது. காலையில் பயிற்சிக்குப் போனவன் மாலையில் நாட்டின் மறுகோடியில் இருக்க வேண்டியிருக்கும். ஒப்பந்தத்தில் மறுப்பு உரிமை இருந்தால் தப்பலாம், ஆனால் என்.எச்.எல்.-இல் அந்த உரிமையைப் பெற 27 வயதாகியிருக்க வேண்டும், அல்லது ஏழு பருவம் ஆடியிருக்க வேண்டும். 23 வயது நாயகன் 'நான் போக மாட்டேன்' என்று கையெழுத்தைக் காட்டும் காட்சி விதிப்படி நிற்காது.

15. வேற என்ன தப்பு பண்ணினா ஹாக்கி தெரிஞ்சவங்களுக்குக் குத்தும்?

ஆட்ட நாளின் அட்டவணை. இரவு ஏழு மணி ஆட்டம் என்றால் காலையில் சிறிது நேரப் பனிப் பயிற்சி, மதியச் சாப்பாடு, பிறகு கட்டாயத் தூக்கம். அந்த மதியத் தூக்கம் அவர்களுக்குப் பூஜை மாதிரி. மூன்று மணிக்கு அவளோடு கடை வீதியில் சுற்றினால் தவறு. ஆனால் அதே மூன்று மணிக்கு அவள் அழைப்பை அவன் எடுத்தான் என்றால், ஹாக்கி தெரிந்த வாசகருக்கு அது காதல் கடிதம். கோப்பைச் சுற்று நடக்கும்போது ஒரு வாரம் விடுமுறை எடுப்பதும், தலையில் அடிபட்டவன் மறுநாளே ஆடுவதும் அடிக்கடி வரும் மற்ற பிழைகள்.

16. கடைசில அவன் முழுசா மாறிடறான். சிரிக்கிறான், பாட்டு பாடறான். ஏன் பிடிக்கல?

நீங்கள் விரும்பியவனைக் கடைசி அத்தியாயத்தில் காணோம், அதனால். இந்த வகைக்கு மகிழ்ச்சியான முடிவு வேண்டும் என்பது வாசகருக்குக் கொடுத்த வாக்கு. அவன் குணத்தைக் கழற்றி வைக்க வேண்டும் என்பது அந்த வாக்கில் இல்லை. முடிவுரையிலும் அவன் பேட்டியில் இரண்டு சொல்தான் பேச வேண்டும். அவள் பார்வையாளர் பகுதியில் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று அவன் கண் மட்டும் ஒரு நொடி தேடட்டும்.

17. அட்டையில கார்ட்டூன் படம் இருந்தா சின்னப் பசங்க படிக்கலாமா?

அட்டையை நம்ப வேண்டாம். பனிச்சறுக்குக் காலணியும் இதயமும் வரைந்த வெளிர்நிற அட்டைக்குள் விரிவான படுக்கையறைக் காட்சிகள் இருப்பது சகஜம். முன்பக்கத்திலுள்ள உள்ளடக்க எச்சரிக்கையைப் பாருங்கள், 'ஓபன் டோர்', 'க்ளோஸ்டு டோர்' என்ற குறிப்பைத் தேடுங்கள். இரண்டாவதில் கதவு சாத்தியதும் காட்சி முடிந்துவிடும்.

18. நிஜ வீரர்களோட படத்தைப் போட்டு 'என் ஹீரோ இவன்தான்'னு எழுதறாங்க. அது சரியா?

முகச் சாயலுக்காக மனதில் வைத்துக்கொள்வது வேறு, அந்த ஆளுக்கே போய்ச் சேரும்படி அவருடைய படத்தின் கீழ் நாவலின் வரிகளை எழுதுவது வேறு. அவர் கதாபாத்திரமாகச் சம்மதித்தவர் அல்லர். அவருக்கு வீடும் துணையும் உண்டு. நாவலில் அவளுடைய 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு மதிப்புக் கொடுக்கும் நாயகனைக் கொண்டாடிவிட்டு, வெளியே ஒரு நிஜ மனிதரின் சம்மதத்தைக் கேட்காமல் விடுவது பொருந்தாது. 5, 6-ஆம் பதில்களில் வந்தவர்களைப் பற்றிச் சொன்னவை அவர்கள் பொதுவெளியில் செய்தவை. அந்த எல்லையே போதும்.

19. அவன் முசுடா, இல்ல மனசு உடைஞ்சு போயிருக்கானா? எழுத்தாளருக்கே தெரியாத மாதிரி இருக்கே?

கேள்விகளிலேயே கனமானது இது. தலையில் பலத்த அடி விழுந்தவருக்கு எரிச்சல், தூக்கமின்மை, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமை, ஒதுங்கியிருத்தல் எல்லாம் அறிகுறிகள். முசுட்டு நாயகனின் குணப்பட்டியலும் கிட்டத்தட்ட இதுவேதான். ஹாக்கியில் இதைக் கண்டுகொள்ளாமல் விட முடியாது. 2011-இல் மே முதல் ஆகஸ்ட் வரையிலான நான்கே மாதங்களில், சண்டைக்காரர்கள் என்று பெயர் பெற்ற மூன்று என்.எச்.எல். வீரர்கள் இறந்தார்கள். அவர்களில் டெரெக் பூகார்டுக்கு வயது 28. இறந்தபின் அவருடைய மூளையை ஆராய்ந்த பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புடைய சி.டி.இ. என்ற சிதைவு நோயைக் கண்டார்கள்.

அதனால் எழுதுமுன் முடிவு செய்யுங்கள். அவன் எப்போதுமே இப்படியா, அல்லது சமீபத்தில் மாறினானா? 'முன்னெல்லாம் இவன் இப்படி இல்லை' என்று சக வீரன் ஒருவன் சொன்னால் நீங்கள் எழுதுவது முசுட்டு நாயகன் கதை அல்ல. நோயுற்ற ஒருவன் கதை. அதை அவள் சிரிப்பால் குணமாக்கிவிட்டால் வாசகரை ஏமாற்றுகிறீர்கள், அதே நிலையில் வீட்டில் ஒருவரை வைத்துக்கொண்டு படிக்கிறவரைக் காயப்படுத்துகிறீர்கள்.

எழுதவே கூடாது என்று அர்த்தமில்லை. என்.எச்.எல்.-உம் வீரர் சங்கமும் சேர்ந்து 1996 முதல் நடத்தும் உதவித் திட்டம் இருக்கிறது. வீரர்கள் ஆட்டத்திலிருந்து விலகி அதில் சேர்ந்து சிகிச்சை பெற்றுத் திரும்புகிறார்கள். கதையில் அதைக் கொண்டு வாருங்கள். தொலைபேசியை எடுத்து அந்த எண்ணை அழைப்பது அவனாக இருக்கட்டும். அவள் செய்யக்கூடியது, அவனை அங்கே காரில் கொண்டுபோய் விட்டு, அவன் வெளியே வரும்வரை வண்டி நிறுத்துமிடத்தில் காத்திருப்பது.